பெட்டிக்குள் மடியும் நிரல்கள்

ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்கிய இனம், இன்று கணினி நிரல்களைப் பெட்டிக்குள்ளேயே மடியவிடுகின்றது. அன்று ஏட்டைப் பரணில் முடக்கியவர் அதனைக் காப்பதாகவே எண்ணினார். இன்று தாம் எழுதிய நிரலைத் தம் கணினியில் மட்டும் வைத்திருப்பவரும் அவ்வாறே எண்ணுகின்றார். எண்ணமும் ஒன்றே; இழப்பும் ஒன்றே.

சந்திப்பிழை திருத்தும் நிரலொன்றை ஒருவர் ஈராண்டு உழைத்து ஆக்குகின்றார் எனக் கொள்க. ‘புதியது’, ‘இறுதி’, ‘மெய்யான இறுதி’ என்று அவர்தம் கணினியில் கோப்புறைகள் பெருகுகின்றன. எந்த மாற்றம் எதன்பொருட்டுச் செய்யப்பட்டது என்பது நாளடைவில் அவருக்கே விளங்குவதில்லை. ஒருநாள் வன்தட்டு பழுதாகின்றது. ஈராண்டு உழைப்பும் அன்றே மண்ணாகின்றது.

இந்நோய்க்கு மருந்து உண்டு. பதிப்புக் கட்டுப்பாடு என்பது அதன் பெயர். அதற்குரிய கருவிகளுள் இன்று பெரிதும் வழங்குவது ‘கிட்’. அது பிறந்த வரலாறே ஒரு பாடம். 1991இல் இலினசு தோர்வால்சு தொடங்கிய இலினக்சு உட்கருவின் மாற்றங்களைப் பதிய, 2002 முதல் ‘பிட்கீப்பர்’ என்னும் வணிக மென்பொருள் பயன்பட்டு வந்தது. 2005இல் அதனை விலையின்றிப் பயன்படுத்தும் இசைவு நின்றது. தோர்வால்சு கைகட்டி நிற்கவில்லை. அவ்வாண்டு ஏப்பிரலில் ‘கிட்’டைத் தாமே ஆக்கத் தொடங்கினார். இரவற் கருவியை நம்பியோர்க்குத் தற்கருவியே விடிவாயிற்று.

இக்கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், நேரம், விளக்கக் குறிப்பு ஆகியவற்றுடன் பதிந்து வைக்கின்றது. பிழை நேரின் முன்னைய நிலைக்கு மீளலாம். களஞ்சியத்தை முழுமையாகப் படியெடுத்தவர் ஒவ்வொருவரிடமும் அதன் வரலாறு முழுதும் சேர்கின்றது. ஓரிடத்தில் அழியினும் பிறிதோரிடத்திலிருந்து மீட்கலாம். விளக்கக் குறிப்பைத் தூய தமிழிலேயே எழுதலாம், கருவி தடுப்பதில்லை. தடை எழுதுவோர் உள்ளத்தில்தான் உள்ளது!

“நிரல் இன்னும் முற்றுப்பெறவில்லை, குறை கண்டு பிறர் நகைப்பரே” என்று தயங்குவோர் பலர். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதர், ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டே பதிப்பித்தார். பின்வந்த பதிப்பில் மேலும் திருத்தினார். குறையே இல்லாத நாளுக்குக் காத்திருந்திருப்பின் அந்நூல் யார் கைக்கு வந்திருக்கும்? வெளியிட்ட பின்னரன்றோ திருத்துவோரும் துணைவருவோரும் தோன்றுவர்!

ஆயினும், இணையத்தில் இடுமுன் மூன்று கருதத்தக்கன. ஒன்று, உரிமம். உரிமம் குறிக்கப்படாத நிரலைப் பிறர் காணலாமேயன்றி, எடுத்தாளவும் திருத்திப் பரப்பவும் பொதுவாக உரிமையில்லை. இரண்டு, கடவுச்சொல். ஒருமுறை பதிந்துவிட்டால், பின்னர் அழிப்பினும் அது பழைய பதிவுகளில் நிற்கும். வெளிப்பட்ட கடவுச்சொல்லையே மாற்றுதல் வேண்டும். மூன்று, ஒரே இடத்தை நம்பாமை. 2008இல் தோன்றிய ‘கிட்அப்’ தளத்தை 2018இல் மைக்ரோசாப்டு நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. கைமாறும் இடத்தில் வைப்பவர் தம்மிடமும் பிறிதோரிடத்திலும் படி வைத்திருத்தல் கடன்.

செல்லரித்த ஏடுகள் இனி மீளா. ஆனால் இன்று எழுதப்படும் நிரல் எழுதியவரோடு மடியவேண்டுவதில்லை. நிரல் எழுதத் தெரிந்த தமிழர் ஒவ்வொருவரும் முதல் வரி எழுதும் நாளிலேயே பதியத் தொடங்குக! பதிந்ததைப் பலர்க்கும் வழங்குக!