நுரையீரல்ல குழி பறிக்கிறது யாரு?

டிஸ்கி: ஆணி புடுங்குறவன் எழுதுற மருத்துவப் பதிவு. டாக்டர் பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து குட்டலாம் :-)

காசநோய்க் கிருமி நுரையீரலை அரிச்சுடும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அரிக்கிறதுல பெரும்பங்கு நம்ம உடம்பே சுரக்கிற ஒரு நொதிக்கு. பேரு மெட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்-1, சுருக்கமா எம்எம்பி-1.

நுரையீரலைத் தாங்குறது கொலாஜன்ங்கிற புரத நார். மூணு இழை முறுக்கின கயிறு, லேசுல அறாது. அதை அறுக்கிற நொதியை 1962-ல் குரோஸ், லாப்பியேர்னு ரெண்டு பேர் தலைப்பிரட்டை வால்ல கண்டுபிடிச்சாங்க. தவளையாகும்போது வால் மறையுதே, அந்த வேலை! இந்தக் குடும்பத்து நொதிகள் நமக்கும் வேணும். புண் ஆறணும், வெள்ளணுக்கள் திசுவுக்குள்ள வழி வெட்டிப் போகணும்.

எங்க செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690-லேர்ந்து 1698 வரை முற்றுகை போட்டுச்சு. உள்ளே இருந்த காவல்காரங்க எதிரியை அடிக்கிற வேகத்துல தங்க மதிலையே இடிச்சிருந்தா? காசநோய்ல நடக்கிறது அதுதான். கிருமியைப் பார்த்த வெள்ளணுக்கள் நொதியைக் கொட்டுது. கொலாஜன் கரைஞ்சு குழி விழுது. குழிக்குள்ள கிருமி பெருகுது, மருந்து சரியாப் போய்ச் சேரலை, இருமினா அடுத்தவருக்கும் பரவுது. லாபம் கிருமிக்கு!

நொதியையே அடைச்சிட்டா? 1990-களில் புற்றுநோய்க்காக எம்எம்பி-களை மொத்தமா அடைக்கிற மருந்துகளைச் சோதிச்சாங்க, மூட்டுவலிதான் மிச்சம். 2021-ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வுல, வழக்கமான காசநோய் மருந்தோட 14 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்தப்ப இந்த நொதிகள் குறைஞ்சுது. மொத்தம் 30 நோயாளிகள்தான், அதனால மெடிக்கல் ஷாப்புல நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க.

இப்போ என் கருத்து. கிருமி செத்ததும் "குணம்"னு ஃபைலை மூடினா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. குழியும் தழும்பும் பலருக்கு அப்படியே நின்னுடுது. ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை முழுங்கினவருக்கு வயல்ல களை வெட்ட மூச்சு இல்லைன்னா, கூலி போச்சு. தமிழ்நாடு 2022-ல் ஆரம்பிச்ச 'காசநோய் இறப்பில்லா திட்டம்' நோய் தெரிஞ்சதுமே எடை, மூச்சு, தானா எழுந்து நிக்க முடியுதாங்கிறதைப் பார்த்து, ஆபத்துல இருக்கிறவங்களைப் பிரிச்சுக் கவனிக்குது. அருமையான யோசனை. அதே அக்கறை மாத்திரை முடியற அன்னிக்கும் வேணும்: எல்லாருக்கும் ஒரு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கிற சோதனை, தேவைப்பட்டவங்களுக்கு மூச்சுப் பயிற்சி.

டெலிவரியோட சரி, சப்போர்ட் கிடையாதுன்னா எந்த கிளையண்ட்டாவது ஒத்துப்பாரா மக்களே?