ரயில் தானாகச் சாகவில்லை

அமெரிக்காவில் நெடுந்தூரப் பயணிகள் ரயில் ஏன் அழிந்தது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். கார் வந்தது, விமானம் வந்தது, ஜனங்க இறங்கிப் போயிட்டாங்க. தொழில்நுட்பத்தின் இயற்கை மரணமாம். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு வசதியை எப்படிச் சாகடிப்பது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் பட்டனை மெனுவுக்குள் எங்கோ புதைக்க வேண்டும். வருகிற புகார்களைக் கிடப்பில் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு கிராஃபைக் காட்ட வேண்டும்: "பாருங்க, யாருமே யூஸ் பண்றதில்லை." எல்லோரும் தலையாட்டுவார்கள். வேலை முடிந்தது.

இப்போது சன்செட் லிமிடெட் ரயிலைப் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், இரண்டு இரவுப் பயணம். 1950-ல் சதர்ன் பசிபிக் கம்பெனி அதற்குப் புத்தம்புதிய எஃகுப் பெட்டிகள் வாங்கியது. 1960களில் அதே கம்பெனி சாப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, காசு போட்டால் தின்பண்டம் தள்ளும் இயந்திரங்களை வைத்த பெட்டியை மாட்டியது. படுக்கைப் பெட்டிகளையும் எடுத்துவிட்டது. இரண்டு ராத்திரிக்குப் படுக்கவும் இடமில்லை, சோறும் இல்லை என்றால் எவன் ஏறுவான்? கூட்டம் குறைந்தது. அப்புறம் அந்தக் குறைந்த கூட்டமே ரயிலை நிறுத்தக் காரணமாகக் காட்டப்பட்டது. 1970-ல் படுக்கையும் சாப்பாடும் திரும்பி வந்தன. பதிலுக்கு, தினசரி ரயில் வாரம் மூன்று நாள் ரயிலானது. இன்றுவரை மூன்று நாள்தான்.

கம்பெனிகள் நஷ்டப்பட்டது பொய்யில்லை. ஜெட் விமானம் வந்தபின் அவசரக்காரன் நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு ரயிலில் போகமாட்டான் என்பதும் சரிதான். ஆனால் போட்டி நியாயமாக நடந்ததா? 1956-ன் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்கு வழி செய்தது, செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. ரயில் கம்பெனிகளோ தண்டவாளத்தைத் தாங்களே பராமரித்து, அதற்குச் சொத்து வரியும் கட்டின. 1967-ல் தபால் துறை கடிதங்களை ரயிலிலிருந்து இறக்கிக்கொண்டது. பல ரயில்களுக்குச் சோறு போட்டதே அந்த வருமானம்தான். 1971 மே 1 அன்று அரசின் ஆம்ட்ராக் பொறுப்பேற்றபோது, மிச்சமிருந்த ரயில்களிலும் ஏறத்தாழ பாதி நின்றுபோயின.

நியூயார்க்கின் பென் ஸ்டேஷனை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஷின்கான்சென் ஓட ஆரம்பித்தது. ஜப்பானில் மட்டும் விமானம் பறக்கவில்லையா என்ன?

பொற்காலத்தை நினைத்து நான் உருகவில்லை. அந்தச் சொகுசுப் பெட்டிகளில் படுக்கை விரித்த கறுப்பினப் பணியாளர்களுக்குப் பயணிகள் வைத்த பொதுப்பெயர் ஜார்ஜ், கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர். 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்தவர்கள், புல்மன் கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் போட 1937 வரை போராட வேண்டியிருந்தது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம். எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். விமானம் இறங்காத சின்ன ஊர்க்காரர்கள், கார் ஓட்ட முடியாத முதியவர்கள், கார் வாங்க வழியில்லாதவர்கள், இவர்களிடமிருந்து ரயிலைப் பிடுங்கிவிட்டு, அவர்களே வேண்டாம் என்றதாகக் கதை கட்டியிருக்கிறோம்.

ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில் சுமார் 9 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 1979-க்குப் பிறகு அங்கே நெடுந்தூர ரயிலே கிடையாது. அந்த ஊரில் ரயிலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணினால் பூஜ்யம்தான் வரும். எந்த ஊரிலும் யாராவது உங்களிடம் "ஆளே வர்றதில்லை" என்று கணக்கை நீட்டினால், அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் என்னென்ன கழற்றப்பட்டது என்ற கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.