ஊசியால் உள்ளே போனது எங்கே போகிறது?

கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குப் பழைய பத்திரிகை நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். அவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கவேண்டியிருந்தது. கையொப்பமிடுமாறு ஒரு படிவத்தைத் தந்தார்கள். முழுவதும் ஆங்கிலம். நாற்பது வருடங்கள் பிறருடைய பிரதிகளைத் திருத்தியே பழகிய மனிதர் சும்மா ஒப்பமிடுவாரா? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரி வரியாக வாசித்தார். பின்னர் ஊசியோடு நின்ற பிள்ளையிடம் கேட்டார்: "தங்கச்சி, இது உள்ளுக்குப் போய்ப் பிறகு எங்கே போகும்?"

"பயப்படாதேங்கோ ஐயா. இது சும்மா சாயம்தான். சிறுநீரோட போயிடும்."

அந்தப் பிள்ளை சொன்னதில் பெரிய பிழையில்லை. "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். மருத்துவப் படங்களின் கடந்த நூறாண்டு வரலாற்றிலே அந்த ஒரு சொல்லை விட்டதனால் நேர்ந்தவை அனந்தம். இன்று "நனோ துணிக்கைகள்" என்ற பெயரில் புதியதொரு வகைச் சாயம் ஆய்வுகூடங்களிலிருந்து புறப்பட்டு வரும் வேளையில், அந்தச் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாக எழுதினால் என்ன என்று தோன்றியது.

முதலில், இது சாயமே அன்று. எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐயோ உடலின் மென்மையான உறுப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரித்துக் காட்ட இயலாதபோது, வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டுவதற்காக ஏற்றப்படும் பொருள். எம்.ஆர்.ஐக்குக் கடோலினியம் என்ற உலோகம், சி.ரி. ஸ்கானுக்கு அயடின், பெற் ஸ்கானுக்குக் கதிரியக்கப் பொருள் என ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொன்று.

நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவிலான துணிக்கையொன்றின் உடலிலே இரும்பையும், மேற்பரப்பிலே கதிரியக்க அணுவையும், அதனருகே ஒளிரும் மூலக்கூறையும் பொருத்திவிட்டால், ஒரே ஊசியிலே இரண்டு மூன்று கருவிகளுக்கும் வேண்டியதைக் கொடுத்துவிடலாம் என்பதே இத்துறையின் கனவு. சி.ரியையும் பெற்றையும் ஒன்றிணைத்த கருவி 2000 ஆம் ஆண்டளவில் வந்தது. பெற்றையும் எம்.ஆர்.ஐயையும் ஒன்றிணைத்து முழு உடலையும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2011 இல் அனுமதி கிடைத்தது. கருவிகள் இணைந்துவிட்டன, மருந்துகளும் இணையவேண்டாமா என்ற வாதம் அதிலிருந்தே எழுகின்றது.

நனோ என்ற சொல்தான் புதிதே தவிர, பொருள் புதிதன்று. 1930 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலிருந்து சந்தைக்கு வந்த தோரோட்ராஸ்ட் என்ற மருந்து, தோரியம் ஈரொக்சைட்டின் மிக நுண்ணிய துணிக்கைகள் நீரில் மிதக்கும் கரைசலாகும். இன்றைய வரைவிலக்கணப்படி அதுவும் ஒரு நனோ மருந்தே. படமோ அற்புதமாக விழுந்தது. நோயாளிக்கு வலியில்லை, வாந்தியில்லை, ஒவ்வாமையில்லை. மூளையின் இரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டும் முறையை 1927 இல் உருவாக்கிய போர்த்துக்கல் வைத்தியர் எகாஸ் மொனிஸ், 1931 முதல் இதனையே பயன்படுத்தினார். உலகெங்கும் மில்லியன் கணக்கானோருக்கு அது ஏற்றப்பட்டது.

தோரியம் கதிரியக்கமுள்ளது என்பது அன்றே தெரிந்த விடயம். அது வெளியேறாது என்பதுந்தான் தெரிந்திருக்கவேண்டும். ஈரலும் மண்ணீரலும் நிழலாகத் தெரிவதே, அத்துணிக்கைகள் அங்கே போய்க் குந்திக்கொள்வதனால்தானே! இரத்தத்தில் அந்நியத் துணிக்கை எதைக் கண்டாலும் விழுங்கி வைத்துக்கொள்வது ஈரலில் உள்ள காவற் கலங்களின் தொழில். விழுங்கியதைக் கரைக்க அவற்றால் முடியவில்லை. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,400 கோடி ஆண்டுகள். நோயாளி சாகும்வரை அவருடைய ஈரலுக்குள்ளே அல்ஃபா கதிர் வீசிக்கொண்டேயிருந்தது. இருபது, முப்பது வருடங்களின் பின்னர் ஈரல் புற்றுநோய் வந்தது. 1950களில் பாவனை கைவிடப்பட்டபோதிலும், ஜேர்மனி, டென்மார்க், போர்த்துக்கல், யப்பான் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் அந்த நோயாளிகளைப் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்து மரணங்களைக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது.

இதைச் சொன்னவுடன் விஞ்ஞானம் படித்த தம்பிமார் என்மீது கோபிப்பார்கள். "அது தோரியம், ஐயா. இன்றைக்கு எவனாவது அதை ஏற்றுவானா?" ஏற்றமாட்டான்தான். ஆனால் நான் சுட்டிக்காட்ட விரும்புவது தோரியத்தையன்று. படத்தின் அழகிலே மயங்கி, துணிக்கையின் பயண முடிவைக் கேளாமல் விட்ட மனநிலையை.

அந்த மனநிலை தோரோட்ராஸ்டோடு ஒழிந்துவிடவில்லை. எம்.ஆர்.ஐக்கான முதலாவது கடோலினிய மருந்து 1988 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அது நனோ துணிக்கையன்று. சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் சிறு மூலக்கூறு. பதினெட்டு வருடங்களின் பின், 2006 இல், சிறுநீரகம் பழுதடைந்த நோயாளிகளின் தோல் மரத்துத் தடித்து மூட்டுகள் இறுகும் கொடிய நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்பிருப்பதை ஐரோப்பிய வைத்தியர்கள் வெளிப்படுத்தினர். 2014 இல் யப்பானிய ஆய்வாளர்கள், பலமுறை ஊசி பெற்றவர்களின் மூளையில் அதன் தடயம் தங்குவதைக் காட்டினர். 2017 இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வகை மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தது. தடயம் மட்டும் தங்குவதால் தீங்கு உண்டென்பது நிறுவப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இப்போது பாவிக்கப்படும் வளைய வடிவ மூலக்கூறுகள் கடோலினியத்தை இறுகப் பற்றிக்கொள்பவை. ஆகவே ஸ்கானுக்குப் போகவேண்டியவர்கள் இதை வாசித்துவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இனி இரட்டைப் படத்துக்கான துணிக்கைகளுக்கு வருவோம். இங்கே எனக்குள்ள ஐயம் பாதுகாப்புப் பற்றியது மட்டுமன்று, தேவை பற்றியதுமாகும். பெற் கருவி மிகுந்த நுண்ணுணர்வு கொண்டது. அதற்கு வேண்டிய மருந்தின் அளவு தூசிலும் தூசு. எம்.ஆர்.ஐயோ அப்படியன்று, அதற்கு வேண்டிய கடோலினியம், பெற் மருந்தைவிட மில்லியன் மடங்கு கூடுதலானது. இரண்டையும் ஒரே துணிக்கையில் கட்டினால், எம்.ஆர்.ஐயின் பசிக்கேற்பவே உடலில் துணிக்கைகளை ஏற்றவேண்டும். காலக் கணக்கும் பொருந்தாது. பெற் ஸ்கானுக்கு வழமையாகப் பயன்படும் ஃபுளோரின்-18 இன் அரைவாழ்வு 110 நிமிடங்கள். நனோ துணிக்கையோ இரத்தத்தில் மணிக்கணக்காகச் சுற்றக்கூடியது. எனவே நாட்கணக்கில் கதிர்வீசும் அணுக்களை நாடவேண்டியுள்ளது. நோயாளி பெறும் கதிரின் அளவும் கூடுகின்றது. இரண்டு சிறிய ஊசிகளைத் தனித்தனியே ஏற்றி அதே இரட்டைக் கருவியில் படம்பிடித்தால் என்ன குறை என்ற கேள்விக்கு ஆய்வுக் கட்டுரைகள் பல தெளிவான விடை தருவதில்லை.

இன்னுமொன்று. எலிகளில் செய்யப்பட்ட பத்தாண்டு கால ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016 இல் வெளிவந்த மதிப்பீடொன்று, ஏற்றப்பட்ட நனோ துணிக்கைகளில் கட்டியைச் சென்றடைவது இடைநிலைக் கணக்கில் 0.7 சதவீதமே எனக் கண்டது. மிச்சத்தில் பெரும்பங்கைப் பழைய காவற்காரனாகிய ஈரல் வாங்கி வைத்துக்கொள்கின்றது.

அப்படியானால் முழுவதும் வீண்தானா? இல்லை. இரண்டு படங்களும் ஒரே பொருளைப் பற்றி, ஆனால் வெவ்வேறு நேரங்களில் பேசவேண்டிய இடத்தில் இதன் அருமை தெரியும். நெதர்லாந்திலே கையாளப்படும் முறையொன்றைப் பாருங்கள். புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவைக் கண்டுபிடித்து அகற்றுவது சத்திரசிகிச்சையின் முக்கிய படி. இதற்கு நீண்ட காலமாகப் பயன்பட்டுவரும் அல்புமின் புரதத்தின் நனோ துணிக்கைகளிலே, கதிரியக்கத் தெக்னீசியத்துடன் இண்டோசயனின் பச்சை என்ற ஒளிரும் பொருளையும் சேர்த்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் கதிர்ப்படத்தில் கணுவின் இருப்பிடம் தெரிகிறது. கத்தி வைக்கும்போது அதே கணு விசேட கமராவில் ஒளிர்கிறது. தெக்னீசியத்தின் அரைவாழ்வு ஆறு மணித்தியாலம்; புரதத்தை உடலே சிதைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிலிக்காத் துணிக்கைகளையும் குறிப்பிடலாம். ஆறேழு நனோமீற்றரே குறுக்களவு. உள்ளே ஒளிரும் சாயம், வெளியே கதிரியக்க அயடின். சிறுநீரகத்தின் வடிகட்டி வழியே நழுவிச் செல்லும் எல்லையருகே அதன் அளவைத் திட்டமிட்டே வைத்தார்கள். பரவிய மெலனோமா நோயாளிகள் ஐவருக்கு முதன்முறையாக ஏற்றிப் பார்த்த முடிவு 2014 இல் வெளியானது. துணிக்கைகள் பிரதானமாகச் சிறுநீருடன் வெளியேறின. ஐவர் என்பது சிறு தொகைதான். ஆயினும் என் நண்பருடைய கேள்வியை வடிவமைக்கும் நாளிலேயே தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

பாதுகாப்பைக் கேட்பதென்றால் எல்லாவற்றையும் மறுப்பதென்று பொருளல்ல என்பதற்கும் ஒரு கதையுண்டு. இரும்பு ஒக்சைட்டுத் துணிக்கைகளை உடல் தன் இரும்புக் கையிருப்போடு சேர்த்துக்கொள்ளும். 2003 இல் புரொஸ்டேட் புற்றுநோயாளர் எண்பது பேரிடம் நடந்த ஆய்வில், நோய் பரவிய நிணநீர்க் கணுக்களை வழமையான எம்.ஆர்.ஐ. 35.4 சதவீதமே இனங்கண்டது. இத்துணிக்கைகளை ஏற்றியபின் அது 90.5 சதவீதமாயிற்று. ஆயினும் 2005 இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அம்மருந்துக்கு எதிராக வாக்களித்தது. ஐரோப்பாவிலும் 2007 இல் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டது. ஈரல் கட்டிகளைக் காட்டவென 1996 இல் அனுமதி பெற்ற அதன் உறவுக்கார மருந்தோ, 2008 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டு மறைந்தது. பின்னர் நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல்கலைக்கழக வைத்தியசாலைதான் கைவிடப்பட்ட அந்த நிணநீர்க் கணு மருந்தை மீண்டும் நோயாளரிடம் கொண்டுவந்தது. கம்பனிக்கு இலாபம் போதாத இடத்தை ஒரு பொது நிறுவனம் நிரப்பியது எனலாம்.

நண்பரின் படம் நல்லபடியாக வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். படிவத்தின் பிரதியை அவர் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதில் மருந்தின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த முறை அதை நிரப்பிய பின்னரே ஒப்பமிடுவாராம்.