‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது சாமி!’ - கருணைக்கொலையைக் கத்தோலிக்கக் குருக்கள் எதிர்ப்பது ஏன்?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்தால், நெல்லைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் பங்குச் சாமியாருக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் நற்கருணை கொடுக்க வேண்டும். அப்படிப் போகிற வீடுகளில் ஆச்சிகளும் தாத்தாக்களும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “ஆண்டவர் என்னை இன்னும் எதுக்குச் சாமி வச்சிருக்காரு? யாருக்கும் பாரமில்லாம போய்ச் சேர்ந்துட்டா போதும்.”

இது கத்தோலிக்க வீடுகளில் மட்டும் கேட்கிற குரல் இல்லை. ‘கிடையில விழாம போயிரணும்’ என்பது தாமிரபரணிக் கரையில் மதம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் இருக்கிற வேண்டுதல்தான்.

இந்த ஏக்கத்தைச் சட்டமாக்கலாமா என்று பல நாடுகள் இன்று விவாதிக்கின்றன. சாகும் நிலையில் இருக்கும் நோயாளி மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் மசோதாவை, பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை 2025 ஜூன் 20 அன்று 314-க்கு 291 என்ற வாக்கு வித்தியாசத்தில் ஏற்றது. அதை எதிர்த்து முன்வரிசையில் நின்றவர்களில் ஒருவர், அப்போதைய வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் வின்சென்ட் நிக்கோல்ஸ். ‘உங்கள் எம்.பி-க்குக் கடிதம் எழுதுங்கள்’ என்று 2024-லேயே இறைமக்களைக் கேட்டுக்கொண்டார்.

லண்டனில் இது சட்ட விவாதம். தென் தமிழ்நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

தலைக்கூத்தல்

படுக்கையில் விழுந்துவிட்ட பெரியவர்களுக்கு எண்ணெய்க் குளியல், இளநீர் என்று கொடுத்து, குடும்பமே உயிரைப் போக்கும் வழக்கம் அது. விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களின் பெயர் இதில் அடிபட்டது. தன் குடும்பத்தார் இப்படிப் பேசிக்கொண்டதைக் கேட்டு, விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் வீட்டைவிட்டுத் தப்பி ஓடினார். அந்தச் செய்தி 2010-ல் வெளியான பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படமும் இதைப் பற்றியதுதான். அதன் பெயர், ‘பாரம்’.

ஆச்சி சொன்ன அதே சொல்! அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1997 முதல் மருத்துவ உதவியுடன் இறப்பதற்குச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே நோயாளிகள் சொல்லும் காரணங்களாக ஆண்டறிக்கைகளில் இடம்பெறுபவற்றில் ‘குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவேன்’ என்பதும் ஒன்று. நாடு வேறு, மொழி வேறு, பயம் ஒன்றுதான்.

குருக்களின் எதிர்ப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பாரம் என்று நினைப்பவர் கேட்கிற சாவு, உண்மையிலேயே அவர் விருப்பமா? அல்லது மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் எடுத்த முடிவா?

எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்கிறார்களா?

இல்லை. பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். கடைசி மூச்சு வரை வென்டிலேட்டரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று திருஅவை கட்டாயப்படுத்துவதில்லை.

1957-ல் திருத்தந்தை 12-ம் பயஸ், மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போதே இதைத் தெளிவாக்கிவிட்டார். நோயாளிக்குப் பெரும் சுமையாக இருக்கும் அசாதாரணமான சிகிச்சையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. கடும் வலியைத் தணிக்கும் மருந்தால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும், நோக்கம் வலியைக் குறைப்பதாக இருந்தால் அதைக் கொடுக்கலாம்.

ஆனால், கொல்லும் நோக்கத்தோடு ஊசி போடுவதோ, மருந்து கொடுப்பதோ எந்த நிலையிலும் கூடாது. அன்பினால் செய்ததாகச் சொன்னாலும் அது கொலைதான். 2020-ல் வாடிகன் வெளியிட்ட ‘சமாரித்தானுஸ் போனுஸ்’ ஆவணம் இன்னும் கறார். கருணைக்கொலைக்கு முடிவெடுத்து, அதில் உறுதியாக நிற்பவருக்கு, மனம் மாறாதவரை நோயில்பூசுதல் போன்ற அருள்சாதனங்களைக் குரு வழங்கக் கூடாது என்கிறது.

சிக்கலான இடம் ஒன்றும் உண்டு. நினைவு திரும்பாமல் கிடப்பவருக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் உணவும் தண்ணீரும் சிகிச்சை அல்ல, அடிப்படைப் பராமரிப்பு என்பது திருஅவையின் நிலை. உடல் அதை ஏற்கும்வரை நிறுத்தக் கூடாது. ‘அதுவும் ஒரு சிகிச்சைதான்’ என்று வாதிடும் மருத்துவர்கள் உண்டு. ஐ.சி.யூ வாசலில் நிற்கும் குடும்பம் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஊசி போட்டு உயிரைப் போக்குவது குற்றம். ஆனால், மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ‘எனக்கு இந்த நிலை வந்தால் இந்தச் சிகிச்சை வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உயிர்க்கால விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். சிகிச்சையை நிறுத்துவதற்கு இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் வேண்டும்.

‘சாமியாருக்கு என்ன தெரியும்?’

குருக்களைப் பார்த்து மக்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “குடும்பம் இல்லாதவருக்கு, ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு மலம் அள்ளுற கஷ்டம் தெரியுமா?” நியாயமான கேள்வி. பீடத்தில் நின்று ‘கூடாது’ என்று சொல்வது சுலபம். மகள் வேலையை விட்டிருப்பாள், மருமகளுக்கு முதுகு வலி, மருந்துச் செலவுக்கு நகை அடகுக்குப் போயிருக்கும். அந்த வீட்டுக்கு மறையுரை மட்டும் போதாது.

‘கூடாது’ என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்பதற்கு மும்பையில் ஒரு பதில் இருக்கிறது. கே.இ.எம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் அங்கேயே தாக்கப்பட்டு, அதன் பிறகு நினைவு திரும்பாமலேயே கிடந்தார். அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டு ஓர் எழுத்தாளர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த மருத்துவமனை நர்ஸ்கள் ‘கூடாது’ என்றார்கள். 37 ஆண்டுகளாக ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, ஒரு படுக்கைப்புண்கூட வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். 2011-ல் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை அவர்களுக்கே உண்டு என்று சொல்லி, அந்த மனுவை நிராகரித்தது. 2015 மே 18-ல் நிமோனியாவால் இறக்கும்வரை அருணா அவர்கள் கவனிப்பில்தான் இருந்தார்.

பராமரித்தவர் சொன்ன ‘கூடாது’ என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை. குருக்களுக்கும் இதே அளவுகோல்தான். முதல் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறவர் பத்து நிமிடத்தில் ஜெபித்துவிட்டுக் கிளம்பலாம். பார்த்துக்கொள்கிற மகளிடம் ‘நீ சாப்பிட்டியாம்மா?’ என்றும் கேட்கலாம். அன்பியத்துக்காரர்களிடம் சொல்லி, வாரத்தில் ஒரு ராத்திரி முறை வைத்து யாரையாவது துணைக்கு இருக்க வைக்கலாம். ஆச்சியின் ‘பாரம்’ அங்கே கொஞ்சம் இறங்கும்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித சூசையப்பரிடம் கேட்பது ‘நன்மரணம்’. கருணைக்கொலையைக் குறிக்கும் ‘யூதனேசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் நேர்ப்பொருள் ‘நல்ல மரணம்’தான். சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலர் ஆனதற்கு, அவர் இறக்கும்போது பக்கத்தில் இயேசுவும் மரியாவும் இருந்தார்கள் என்ற மரபுதான் காரணம். அதாவது, பக்கத்தில் ஆள் இருக்கிற சாவு.

வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கிறாரா?

* அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலிதணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

* முதியோர் புறக்கணிப்பு, கொடுமை என்றால் 14567 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

* எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று பெரியவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடம் பேசிவிடுங்கள். ஐ.சி.யூ வாசலில் அண்ணன் தம்பி சண்டை பாதி குறையும்.

* பார்த்துக்கொள்கிறவருக்கும் ஓய்வு வேண்டும். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு மணி நேரம் நீங்கள் போய் உட்காருங்கள்.