முல்லைப் பெரியாறும் நம் இளைஞர்களின் கைப்பேசியும்

முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் ஏறத் தொடங்கினால், தேனி மாவட்டத்தின் கைப்பேசிகளில் இரண்டு வகைச் செய்திகள் வரும். ஒன்று, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பது. மற்றொன்று, "அணைக்கு ஆபத்து", "எல்லையில் தமிழர்களை அடிக்கிறார்கள்" என்று தேதியும் இடமும் இல்லாமல் சுற்றும் குரல்பதிவுகளும் காணொளிகளும். முதல் செய்தியை விவசாயிகள் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். இரண்டாவதை அதிகம் பரப்புவது நம் வீட்டு இளைஞர்களின் விரல்கள்தான்.

இதை ஏன் இவ்வளவு தீவிரமாகப் பேச வேண்டும் என்பதற்கு 2011 டிசம்பரே சாட்சி.

அந்த டிசம்பரில் நடந்தது

அந்த ஆண்டு இடுக்கி மாவட்டத்தில் அடுத்தடுத்துச் சிறு நில அதிர்வுகள் ஏற்பட்டன. அணை உடைந்துவிடும் என்ற பேச்சு கேரளத்தில் வலுத்தது. நவம்பர் இறுதியில் வெளியான 'டேம் 999' படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. டிசம்பரில் குமுளி எல்லை கொதித்தது. ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். பெண்கள் உட்படப் பலர் காட்டுப் பாதைகளில் நடந்தே தேனி மாவட்டத்துக்குத் திரும்பினார்கள். இந்தப் பக்கம் கேரளத்தவரின் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கிப் புறப்பட, 144 தடை உத்தரவும் தடியடியும் வந்தன.

நடந்த தாக்குதல்கள் உண்மை. ஆனால் அவற்றோடு சேர்ந்து, நடக்காதவையும் வாய்வழியாகவும் போன் வழியாகவும் பரவின. எது உண்மை, எது கூட்டிச் சொன்னது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு என மூன்று பாதைகளிலும் அன்றாடம் ஏறி இறங்கிப் பிழைத்தவர்களின் கூலி நின்றது. காய்கறி வண்டிகள் நின்றன. நம் இராவுத்தர் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைக்கு அப்பாலும் சொந்தபந்தம் உண்டு. அவர்களுக்கு அது வியாபார நஷ்டத்தோடு முடியவில்லை. அங்கே இருக்கும் அக்காவையும் மச்சானையும் நினைத்துத் தூக்கம் தொலைத்த நாட்கள் அவை.

பாதி உண்மை பரவும் விதம்

அப்போது பெரும்பாலோர் கையில் சாதாரண போன்தான் இருந்தது. 2021 அக்டோபரில் நிலைமை வேறு. அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று மலையாளத் திரைக் கலைஞர்கள் சிலர் சமூக ஊடகங்களில் எழுத, இங்கே தேனியில் நடிகர் பிரித்விராஜின் உருவபொம்மை எரிக்கப்பட்டது. பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கேரள முதல்வர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவுக்குப் பின் அதே அச்சம் மீண்டும் தலைதூக்கியது.

இந்தச் செய்திகளில் முழுப் பொய்கள் ஒரு பங்கு. பாதி உண்மைகளே அதிகம். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் மழை இரவில் குழந்தைகளோடு விழித்திருக்கும் குடும்பத்தின் பயம் நமக்கு வரும் செய்திகளில் இருக்காது. தண்ணீர் வராவிட்டால் தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்கள் என்னவாகும் என்பது அவர்களுக்குப் போகும் செய்திகளில் இருக்காது. இரு தரப்பு இளைஞர்களும் தத்தம் பாதியை மட்டுமே கேட்டு வளர்கிறார்கள்.

நாம் ஏன் நம்புகிறோம்? செய்தியை உருவாக்கியவர் யாரென்று தெரியாது. ஆனால் அனுப்பியவர் சித்தப்பா மகன். அவர் மீதுள்ள நம்பிக்கை செய்தியின் மீதும் படிந்துவிடுகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்தல் வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல பகுதிகளிலும் இப்படி நடந்த பிறகே, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் செய்தியைக் கடத்த முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நிறுவனம் போட்ட வரம்பு ஐந்து. நம் மனசாட்சி போட வேண்டிய வரம்பு அதைவிடக் குறைவு.

மௌனம் செய்யும் சேதம்

வதந்தி அடங்கிய பிறகு வரும் மௌனம் இன்னொரு சேதம். குமுளிக் கடையில் உடன் வேலை பார்த்த மலையாளி நண்பனை அழைக்கக் கூச்சம். அவனுக்கும் அதே கூச்சம். ஸ்டேட்டஸ் பார்ப்பதோடு நட்பு நின்றுபோகிறது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பதின்பருவத்தினரிடமும் இளைஞர்களிடமும் இது இன்னும் அதிகம். நாள் முழுக்கச் செய்தி அனுப்பும் தலைமுறைதான் இது. செய்தி பரிமாறுவதும் மனம் விட்டுப் பேசுவதும் ஒன்றல்ல என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற பொருளில் நபிமொழியும் உண்டு. இதை நம் பள்ளத்தாக்கில் நடைமுறைப்படுத்துவது கடினமல்ல.

எல்லைச் செய்தி எது வந்தாலும், பகிரும் முன் அந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்போம். அணையின் நீர்மட்டம் நாள்தோறும் நாளிதழ்களில் வருகிறது, அதைப் பார்ப்போம். தவறான செய்தி என்று தெரிந்தால், அது வந்த அதே குழுவிலேயே, அனுப்பிய பெரியவரின் மரியாதை கெடாமல் மறுத்து எழுதுவோம். வதந்திக் காலத்தில் ஜுமுஆ மேடையில் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்க மஹல்லா ஜமாஅத்துகள் முன்வர வேண்டும். உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரி போன்ற நம் நிறுவனங்களின் மாணவர்கள் இடுக்கி மாவட்ட மாணவர்களைச் சந்தித்துப் பேச வழி செய்யலாம். பயமும் தூக்கமின்மையும் நீடித்தால், அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது. அதை அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணை குறித்த வழக்குகள் இன்னும் தொடரலாம். தீர்ப்பு எதுவானாலும், அடுத்த நாள் காலையிலும் ஜீப்புகள் தோட்டங்களுக்கு ஏறத்தான் வேண்டும். அந்த ஜீப்பில் போகும் தாய்மார்களின் பாதுகாப்பு, இரவு நாம் பகிரும் செய்தியில் தொடங்குகிறது. அடுத்த மழைக்கு முன், மலைக்கு அப்பால் பேச்சு நின்றுபோன ஒருவரையாவது அழைத்து ஸலாமோ நலமோ விசாரிப்போம்.