சிறு வழக்கு மன்றம் யாருக்குத் துணை?

தறிக்காரர் ஒருவர் பல இரவுகள் கண்விழித்துப் புதுக்கரை ஒன்றை அமைக்கிறார். சேலை சந்தைக்குப் போன சில வாரங்களில் அதே கரை விசைத்தறித் துணியில் பாதி விலைக்கு வந்து நிற்கிறது. மலைப்பூண்டு பயிரிடுவோர் தம் மூட்டைக்கென ஓவியரைக் கொண்டு லேபிள் வரைவிக்கின்றனர்; அந்தப் படம் வேறெங்கோ விளைந்த பூண்டின் மேல் ஒட்டப்படுகிறது. இவர்கள் நியாயம் கேட்டு எங்கே செல்வது?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இத்தகைய சிவில் வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும். கோடைக்கானல் முன்சீப் கோர்ட்டு இதற்குப் போதாது. பூம்பாறை விவசாயி கோடைக்கானல் வந்து, மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் சேர வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை போகும். வக்கீல் கட்டணம் வேறு. நஷ்டம் சில ஆயிரமாயின், வழக்கை விட்டுவிடுவதே இலாபம் என்று அவர் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆகவே சிறு தொகை வழக்குகளுக்கு எளிய மன்றம் வேண்டும் என்ற யோசனை நியாயமானதே. இங்கிலாந்தில் 2012 முதல் இத்தகைய ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் 2020-இல் சட்டமியற்றி, 2022 ஜூன் முதல் மூவர் கொண்ட குழு ஒன்று வழக்குகளை ஏற்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, வாஷிங்டனுக்குப் பயணமும் வேண்டியதில்லை. எனினும் அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கு நாற்று நடுவதில் நமக்குச் சில அச்சங்கள் உண்டு.

அங்கே பிரதிவாதி அறுபது நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். சட்ட ஆலோசகரை வைத்திருக்கும் பெரிய கம்பெனி உடனே விலகிவிடும். நோட்டீஸைப் படித்துப் புரிந்துகொள்ள ஆளில்லாத எளியவரோ வாளாவிருந்து, தம் தரப்பைக் கேளாமலே தீர்ப்புக்கு ஆளாவார். அங்கே விதிக்கத்தக்க நஷ்டஈடு 30,000 டாலர் வரை. அத்தகைய தொகை நம் நெசவாளர் மேல் விழுந்தால் தறியை விற்றாலும் தீராது. எளியவருக்கென்று கட்டிய வாசலில் எளியவரே சிக்கிக்கொள்வதா?

மற்றோர் அச்சம் இன்னும் பெரிது. கோபுரக் கரையும், ருத்திராட்சமும், மயில்கண்ணும், சின்னாளபட்டிச் சுங்குடியின் புள்ளிகளும் யாருடைய தனிச் சொத்து? பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எவரேனும் ஒருவர் பழைய கரையைச் சிறிது மாற்றி வரைந்து, 'இது எனது' என்று பத்து நெசவாளருக்கு நோட்டீஸ் விடலாம். வழக்காடும் செலவு குறையக் குறைய வீண் வழக்கும் பெருகும். அஞ்சிப் பணம் கட்டுவோரும் பெருகுவர்.

இனி, இல்லாத உரிமையை எந்த மன்றமும் தர இயலாது. வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமலே தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உருவாக்கினால், அதன் பதிப்புரிமை அற்றுப்போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கூறுகிறது. பதிந்தாலோ பத்தாண்டும், கோரினால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்புக் கிடைக்கும். நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

அப்படியானால் மன்றமே வேண்டாமா? வேண்டும். கூட்டுறவுச் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி சங்கத் தகராறுகள் பதிவாளர் முன் தீர்க்கப்படுவதை அங்கத்தினர் அறிவர். கோர்ட்டுக்கு வெளியேயும் நியாயம் வழங்க முடியும். ஆனால் புதிய மன்றம் தமிழில் நடக்க வேண்டும்; தாலுகா தோறும் கூட வேண்டும். வலியவர் காரணமின்றி விலக இடமிருக்கலாகாது. நோட்டீஸ் நேரில் விளக்கப்பட்ட பின்னரே, வராதவர் மேல் தீர்ப்புக் கூற வேண்டும். பரம்பரைக் கரைகள் பொதுச் சொத்தென முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அங்கத்தினருக்காகச் சங்கமே வழக்காட உரிமை வேண்டும்.

விருப்பாட்சி மலைவாழை 2008-லும், கோடைக்கானல் மலைப்பூண்டு 2019-லும் புவிசார் குறியீடு பெற்றன. அப்பெயர்கள் தனியொருவர் உடைமையல்ல. பயிரிடுவோர் அனைவருக்கும் பொது. இந்த முறையே நமக்கு வழிகாட்டி.

சட்டம் வரும்வரை சங்கங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு மாதிரிப் புத்தகம் வைத்து, புதுக்கரையின் துண்டை, அமைத்தவர் பெயருடனும் தேதியுடனும் அதில் ஒட்டிவைக்கட்டும். பழங்கரைகளைத் தனியே குறித்துவைக்கட்டும். புதியவற்றுள் சிறந்தவற்றை, சந்தைக்கு அனுப்புமுன் சங்கச் செலவில் பதிவு செய்யட்டும். எந்த மன்றத்துக்குப் போனாலும் சாட்சியின்றி வழக்கு நிற்காது. அந்தச் சாட்சியை இன்றே சேர்த்துவைப்பது நம் கையில் இருக்கிறது.