பிரேக்குல ஏர் எடுக்க ஆள் எதுக்கு?

நகரத்து நண்பர்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு, கோச்சுக்காதீங்க. கடன் போட்டு கார் வாங்குறீங்க. ஆனா அதோட சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற சின்ன நிப்பிளைத் தொட உரிமை இல்லைன்னு நீங்களே சட்டம் போட்டு வச்சிருக்கீங்க.

ஈக்காட்டுத்தாங்கல்ல அக்கா வீட்டு அடுக்குமாடியில், மாப்ளயோட பழைய கார் பெடல் மெத்து மெத்துன்னு உள்ளே போச்சு. எட்டாம் நம்பர் ஸ்பேனர், ரெண்டடி டியூப், ஒரு தண்ணி பாட்டிலோட உட்கார்ந்தேன். அசோசியேஷன்காரர் வந்துட்டார். "சார், பார்க்கிங்ல ரிப்பேர் கூடாது. பெடல் மிதிக்கக்கூட ஆள் இல்லாம இதெல்லாம் எப்படி?" கூப்பிடு தூரத்துல கிண்டி தொழிற்பேட்டை இருக்கிற ஊர்ல இந்தக் கேள்வி!

கிணத்து மோட்டார் காத்து வாங்கினா தண்ணி ஏறாது. அதே கதைதான் இது. ஆயிலை அமுக்க முடியாது, காத்தை அமுக்கலாம். அதான் பெடல் பள்ளத்துல விழுது. ரெண்டாவது ஆள் எதுக்குன்னா, பெடல் மேலே வரும்போது நிப்பிள் திறந்திருந்தா காத்தை உறிஞ்சும், அதுக்குள்ள மூடணும். டியூபோட முனையை பாட்டில்ல இருக்கிற ஆயிலுக்குள் முக்கி, பாட்டிலை நிப்பிளைவிட உயரமா கட்டிட்டா, உறிஞ்சுறது ஆயிலைத்தான். நிப்பிளை கால் திருகு தளர்த்தி, மெதுவா மிதிச்சு விடுங்க. குமிழி நின்னதும் இறுக்குங்க. மேலே டேங்க்ல ஆயில் வத்த விடாதீங்க, வத்தினா முதல்ல இருந்து. எந்தச் சக்கரம் முதல்லன்னு வண்டியோட புத்தகத்துல இருக்கும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடாதீங்க, ஸ்டாண்ட் வைங்க. ரோட்டுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியா நிக்குதான்னு வளாகத்துக்குள்ளயே உருட்டிப் பாருங்க. கொட்டின ஆயில் பெயிண்டைத் தின்னும், உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. பழைய ஆயிலை சாக்கடையில் ஊத்தாதீங்கன்னு அவர் சொல்லியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

வேடிக்கை இல்லை இது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும். ஈரம் ஏறினா 140 தாங்கினாலே போதும்னு அந்தத் தரவிதியே சொல்லுது. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்லயே இறங்கினா சூட்டுல அது கொதிச்சு ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். 2015 டிசம்பர்ல அடையாறு ஈக்காட்டுத்தாங்கலுக்குள்ள புகுந்தப்போ எத்தனை கார் முங்குச்சு! இன்ஜினைப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்க. பிரேக் ஆயிலை எத்தனை பேர் மாத்தினீங்க?

ஏபிஎஸ் வண்டி சிலதுல உள்ளே காத்து போயிட்டா கம்ப்யூட்டர் இல்லாம வெளியே எடுக்க முடியாது, ஒத்துக்கிறேன். அங்க பட்டறைக்குப் போங்க. ஆனா அந்தக் கம்ப்யூட்டரை யார் பூட்டி வச்சிருக்காங்கன்னு கேட்கணுமா இல்லையா? 2022-ல மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு போட்டப்போ விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், மோட்டார் வண்டி நாலையும் ஒரே பட்டியல்ல வச்சது. எங்க டிராக்டரும் உங்க காரும் ஒரே பந்தியில உட்கார்ந்திருக்கு. அடுத்த அசோசியேஷன் கூட்டத்துல, பார்க்கிங்ல சொந்த வண்டியைப் பார்த்துக்க ஒரு மூலை வேணும்னு எழுந்து நின்னு கேளுங்க.